நோட்டீஸ் அனுப்பியாச்சு

கோபிச்செட்டிபாளையத்தில் என் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் காலை டீ இரண்டு தவணையாக வரும். முதல் டம்ளர் பேப்பர் படிக்க. இரண்டாவது, படித்ததைப் பற்றிக் கேள்வி கேட்க. சிகாகோ பக்கத்திலிருந்து லீவில் போயிருந்த எனக்கு இரண்டாவது டம்ளரில்தான் பங்கு.

அன்றைக்குப் பேப்பரின் உள்பக்க மூலையில் அமெரிக்காவில் எங்கோ துப்பாக்கிச் சூடு என்று நாலு வரி. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"ஏங்கண்ணு, மாசம் தவறாம வருது இந்தச் சேதி. உங்க ஊர்ல துப்பாக்கிக்குச் சட்டமே கிடையாதா?"

"இருக்குதுங்க பெரியப்பா. நிறையவே இருக்குது."

"இருந்தா அதை அமல்படுத்த வேண்டீதுதானே? அதை உட்டுப்போட்டு எதுக்குப் புதுசா ஒண்ணு வேணும்னு சத்தம் போடறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இருக்கிற சட்டத்தை ஒழுங்காக நடத்துங்கள், புதிதாக ஒன்றும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. இருக்கிற சட்டம் சல்லடை, அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் தண்ணீர் நிற்காது என்பது எதிர்க்கட்சி. பெரியப்பா எந்தக் கட்சியும் இல்லை. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) ஆகி, துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். நடுவில் சில வருடம் ஆயுத உரிமக் கோப்புகளும் அவர் மேசை வழியாகப் போயிருக்கின்றன. எந்தச் சட்டத்தையும் அவர் கோப்பாகத்தான் பார்ப்பார். அதனால் கோப்பாகவே சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி கேட்கிறவர்தான் எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது, உயிருக்கு ஆபத்து இருக்கிறது, இப்படி ஏதாவது. அமெரிக்காவில் 1791-லேயே அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் அதை உரிமை என்று எழுதிவிட்டது. அது தனி மனிதனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் உறுதி செய்தது. 2022-ல் இன்னும் ஒரு படி போய், வெளியில் எடுத்துச் செல்ல விசேஷக் காரணம் காட்டச் சொன்ன நியூயார்க் சட்டத்தை ரத்து செய்தது. ஆகவே அங்கே காரணம் சொல்ல வேண்டியவர் மறுக்கிற அதிகாரி.

"அப்ப மனு போட்டவன் சும்மா உக்காந்திருப்பான், ஆபீசர்தான் ஓடணுமா?" என்றார் பெரியப்பா. கிட்டத்தட்ட அப்படித்தான்.

அப்புறம் சட்டங்களின் வரிசை. மதுவிலக்குக் கால ரவுடிக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கியோடு தெருவில் இறங்கியதற்குப் பதிலாக 1934-ல் ஒரு சட்டம். அது தடை செய்யவில்லை, 200 டாலர் வரி போட்டது. அந்தக் காலத்தில் அது துப்பாக்கியின் விலைக்கே சமம். 1963-ல் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி தபாலில் வாங்கியது, அதுவும் பொய்ப் பெயரில். ஐந்து வருடம் கழித்து மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட பிறகுதான் 1968-ஆம் வருடச் சட்டம் வந்தது. தபால் வியாபாரம் நின்றது. எல்லாக் கடைக்காரருக்கும் மத்திய உரிமம் கட்டாயமானது. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர், போதைப்பொருள் பழக்கம் உள்ளவர், மனநலக் காரணத்தால் தடுக்கப்பட்டவர் ஆகியோருக்கு விற்கக் கூடாது என்று பட்டியல் வந்தது.

"பட்டியல் சரி. கடைக்காரனுக்கு எப்படித் தெரியும், வந்திருக்கறவன் பட்டியல்ல இருக்கறவனான்னு?"

இதைத்தான் அவரிடம் எதிர்பார்த்தேன். தெரியாது. வாங்குகிறவர் ஒரு படிவத்தில் 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் சட்டம் ஓடியது. 1981-ல் ஜனாதிபதி ரீகனைச் சுட்டபோது அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரிலேயே 1993-ல் வந்த சட்டம்தான், வாங்குகிறவரின் பின்னணியைச் சரிபார்த்துவிட்டு விற்கச் சொன்னது. 1998 முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் கணினிப் பதிவேடு ஒன்று இருக்கிறது. கடைக்காரர் கேட்டால் பெரும்பாலும் சில நிமிடத்தில் சரி, கூடாது, பொறு என்று மூன்றில் ஒரு பதில் வரும்.

"பதிவேட்டுல ஏத்தறது யாரு?" என்றார்.

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் பாதிப் பேர் கேட்பதே இல்லை. பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவரே, "நம்ம கரட்டடிபாளையத்துக்காரர் ஒருத்தர் அங்க வாத்தியாரா இருந்தாரே, சுட்டுப்போட்டாங்களே, அதுவும் இப்படித்தானா?" என்றார்.

கோபிக்குப் பக்கத்துக் கரட்டடிபாளையத்தில் பிறந்த ஜி.வி. லோகநாதன் நீர்வளப் பொறியியல் பேராசிரியர். 2007 ஏப்ரல் 16-ஆம் தேதி காலை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அன்று இறந்தவர்கள் 32 பேர். சுட்ட மாணவரை, தனக்குத்தானே ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதித்துறை அதிகாரி முடிவு செய்து சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தார். மத்திய சட்டப்படி அந்த உத்தரவுக்குப் பிறகு அவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரை மட்டும்தான் வர்ஜீனியா மாநிலம் பதிவேட்டுக்கு அனுப்பி வந்தது. இவருக்கு வெளிநோயாளிச் சிகிச்சை. பெயர் போகவில்லை. இரண்டு கடைகளில் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினார், இரண்டு முறையும் சோதனையில் தேறினார். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்று அப்போது வர்ஜீனியாவில் ஒரு சட்டம் இருந்தது. அதற்குக் கட்டுப்பட்டு இரண்டுக்கும் நடுவே முப்பது நாள் காத்திருந்தார்.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு சட்டத்துக்கு மரியாதை கொடுத்திருக்கான். இன்னொரு சட்டம் அவனுக்கு இருக்கறதே தெரியாமப் போயிருச்சு."

இதே மாதிரி இன்னும் உண்டு. 2015-ல் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் போதைப்பொருள் வைத்திருந்ததை ஒப்புக்கொண்ட போலீஸ் ஆவணம் ஒன்று இருந்தது. எஃப்.பி.ஐ. ஊழியர் அதைத் தேடித் தவறான காவல் அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது சட்டம். அவரும் விற்றுவிட்டார். 2017-ல் டெக்ஸஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் வயிற்றுச் சிசுவையும் சேர்த்து 26 உயிர். சுட்டவர் மனைவியையும் அவருடைய குழந்தையையும் அடித்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற விமானப்படைக்காரர். தண்டனை விவரத்தை விமானப்படை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவே இல்லை. நடந்ததில் அறுபது சதவீதப் பொறுப்பு அரசாங்கத்துடையது என்று 2021-ல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். கடைசியில் அரசு 144.5 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

"பாத்தியா? நான் சொன்னது சரிதானே. இருக்கறதை ஒழுங்கா நடத்தியிருந்தாலே போதும்."

போதும்தான், அந்த இடங்களில். சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸில் மீறப்பட்ட சட்டம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. மேலே நாலு சட்டம் போட்டிருந்தாலும் அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்காது. அந்த மட்டில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் வாதத்தில் பிழை இல்லை. ஆனால் பெரியப்பாவிடம் இன்னொரு பக்கத்தையும் காட்ட வேண்டியிருந்தது. அமல்படுத்து என்று சொல்வது சுலபம். யார், எதை வைத்து?

மத்தியில் இந்த வேலைக்கென்று இருக்கும் துறைக்கு ஏடிஎஃப் என்று பெயர். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் எல்லாம் அதன் தலையில்.

"டாஸ்மாக்கும் துப்பாக்கியும் ஒரே ஆபீஸா?" பெரியப்பாவுக்கு அதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது.

அந்தத் துறையின் இயக்குநரைச் செனட் சபை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2006-ல் விதி வந்தது. அதற்குப் பிறகு 2022 வரை அப்படி ஒப்புதல் பெற்று உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். மீதிக் காலமெல்லாம் பொறுப்பு அதிகாரிகள். "முழுக் கூடுதல் பொறுப்பு" என்று பெரியப்பா தமக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எவ்வளவு கையெழுத்துப் போடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து, குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வண்டி நம்பரைத் தட்டினால் சொந்தக்காரர் பெயர் வருகிற மாதிரி வராது. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் மத்தியப் பதிவேடு எதையும் உருவாக்கக் கூடாது என்று 1986-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வெஸ்ட் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் உள்ள தடம் காணும் மையத்தில் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்பார்கள். அவர்கள் மொத்த வியாபாரியைச் சொல்வார்கள். அவர் சில்லறைக் கடையைச் சொல்வார். கடைக்காரர் பழைய படிவக் கட்டை எடுத்துப் புரட்டி வாங்கியவர் பெயரைச் சொல்வார். கடை மூடிப்போயிருந்தால் அதன் காகிதமெல்லாம் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க்குக்கே வந்திருக்கும். கட்டடத்தின் தளம் பாரம் தாங்காது என்று கண்டெய்னர்களில் அடுக்கிவைக்கிற அளவுக்கு வந்தது. அவற்றைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றலாம். ஆனால் பெயரைத் தட்டித் தேடுகிற மாதிரி வைக்கக் கூடாது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

"நம்ம ரெக்கார்டு ரூம் மாதிரியே இருக்குதே" என்றார் பெரியப்பா, கொஞ்சம் பெருமையோடு.

கடைகளைச் சோதிப்பதிலும் இதே கதைதான். அதே 1986 சட்டப்படி ஒரு கடையை வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வாரண்ட் இல்லாமல் சோதிக்க முடியாது. அந்த ஒரு தடவைக்கே ஆள் போதவில்லை. பாதிக்கும் மேற்பட்ட உரிமதாரர்களை ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட ஏடிஎஃப் போய்ப் பார்க்கவில்லை என்று நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2013-ல் எழுதினார். பைடன் ஆட்சியில் 2021-ல் நிலைமை மாறியது. வேண்டுமென்றே விதியை மீறும் கடைகளின் உரிமத்தைத் தாட்சண்யம் பார்க்காமல் ரத்து செய்யச் சொன்னார்கள். காகிதத்தில் நடந்த சின்னப் பிழைக்கெல்லாம் கடையைச் சாத்துகிறார்கள் என்று வியாபாரிகள் கொதித்தார்கள். 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்தக் கொள்கையைக் கைவிட்டது. அதுவும் இருக்கிற சட்டத்தின் அமலாக்கம்தான். அமல்படுத்து என்று முழங்கியவர்கள் பலருக்கு அந்த அமலாக்கம் பிடிக்கவில்லை.

பெரியப்பா விடவில்லை. "கடையை விடு. பொய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வர்றானே, சோதனையில மாட்டறானே, அவனையாவது பிடிச்சு உள்ளே வெக்கறாங்களா?"

அந்தக் கணக்கு இருக்கிறது. 2017 நிதியாண்டில் மத்தியச் சோதனையில் சுமார் 1,12,000 பேருக்குக் 'கூடாது' என்று பதில் போயிற்று. அதில் ஏடிஎஃப் கள விசாரணைக்கு அனுப்பியது சுமார் 12,700. வழக்கானது 12. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2018-ல் கொடுத்த எண்ணிக்கை இது.

"பன்னெண்டாயிரமா?"

"பன்னெண்டுங்க பெரியப்பா."

அவர் விரல்களைப் பார்த்தார். இரண்டு விரல் குறைந்தது.

அரசு வழக்கறிஞர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சொன்னேன். துப்பாக்கி கிடைக்காமல் அந்த ஆள் வெறுங்கையோடு போய்விட்டார், சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. தெரிந்தேதான் பொய் எழுதினார் என்று நடுவர் குழுவிடம் நிரூபிப்பது கஷ்டம். அந்த நேரத்தில் ஒரு கொலைகாரரைப் பிடிக்கலாம். அதே படிவத்தில் போதைப் பழக்கம் இல்லை என்று எழுதியதற்காக அப்போதைய ஜனாதிபதி பைடனின் மகனே 2024 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பானது, டிசம்பரில் தகப்பனாரே மன்னிப்பு வழங்கினார். அந்தக் குற்றத்துக்கு வழக்கே அபூர்வம் என்பதால்தான் அது அவ்வளவு பெரிய செய்தியானது.

பினாமிக் கதையும் உண்டு. தடை உள்ளவர் தம் காதலியையோ தம்பியையோ கடைக்கு அனுப்பி வாங்குவார். ரொம்ப நாளாக இதற்கென்று தனிக் குற்றப் பிரிவே மத்திய சட்டத்தில் இல்லை. படிவத்தில் பொய் எழுதிய குற்றத்தைத்தான் சாட்ட வேண்டும், அது ஏதோ காகிதக் குற்றம் மாதிரி நீதிமன்றத்தில் ஒலிக்கும். 2022 மே மாதம் யுவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்த பிறகு, இரு கட்சியும் சேர்ந்து ஜூனில் போட்ட சட்டம்தான் பினாமியாக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கி, பதினைந்து வருடம் வரை சிறை என்றது. அமல்படுத்தப் பிடி கிடைத்ததே புதுச் சட்டத்தால்தான்.

யுவால்டேயைச் சொன்னதும் எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வந்துவிட்டோம். அங்கே சுட்ட பையன் பதினெட்டு வயது முடிந்த சில நாளில் கடைக்குப் போய் முறைப்படி வாங்கினான். லாஸ் வேகாஸில் 2017 அக்டோபரில் ஓட்டல் ஜன்னலிலிருந்து சுட்டு அன்றிரவே 58 உயிரைப் பறித்தவரும் துப்பாக்கிகளைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தார். இந்த இரண்டு இடத்திலும் ஏடிஎஃபுக்குப் பத்து மடங்கு ஆள் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் அட்சரம் பிசகாமல் நடத்தியிருந்தாலும் துப்பாக்கி அவர்கள் கைக்குப் போயிருக்கும். அதுபோலவே, உரிமம் இல்லாத தனி ஆள் தம் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் பின்னணி பார்க்கச் சொல்லி மத்திய சட்டம் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகள் இறந்த பிறகு, கண்காட்சியிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்காவது சோதனை வேண்டும் என்று 2013 ஏப்ரலில் செனட்டில் ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அறுபது வேண்டியிருந்தது, விழுந்துவிட்டது. இல்லாத சட்டத்தை எந்த அதிகாரி அமல்படுத்துவார்?

இரண்டு கட்சியின் கோஷத்திலும் அதிகம் அடிபடாத ஒரு கணக்கும் உண்டு. 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் போன உயிர் 48,204. அதில் சுமார் 27,000 தற்கொலை. அதாவது பாதிக்கும் மேல், வீட்டுக்குள், பெரும்பாலும் முறைப்படி வாங்கிய துப்பாக்கி. அங்கே உதவுவது அலமாரிப் பூட்டும், வீட்டில் உள்ளவர்கள் தயங்காமல் போய்ச் சொல்ல ஒரு வழியும்.

"அப்படியொரு வழி இல்லையா?"

சில மாநிலங்களில் இருக்கிறது. ஒருவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நீதிமன்றத்தில் காட்டினால், துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்க உத்தரவு கிடைக்கும். நியூயார்க்கில் 2019 முதல் இந்தச் சட்டம் உண்டு. 2022 மே மாதம் பஃபலோ நகரில் ஒரு கடையில் பத்துக் கறுப்பின மக்களைக் கொன்ற பதினெட்டு வயதுப் பையன், முந்தைய வருடம் பள்ளியில் கொலை, தற்கொலை என்று எழுதிக் கொடுத்திருந்தான். போலீஸ் கூட்டிப்போய் மனநலப் பரிசோதனையும் நடந்தது. உத்தரவு கேட்டு யாரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பையன் அடுத்த வருடம் துப்பாக்கி வாங்கினான். சம்பவம் நடந்த நாலாம் நாள் மாநில ஆளுநர் ஓர் ஆணை போட்டார்: முகாந்திரம் இருந்தால் மாநில போலீஸ் கட்டாயம் மனுப் போட வேண்டும். அதற்கப்புறம் மனுக்கள் பல மடங்கு கூடின. அந்த ஆணை போடச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"போடலாம்னு இருந்ததைப் போடணும்னு ஆக்கியிருக்காங்க" என்றார் பெரியப்பா. அரசாணை படித்தே வளர்ந்தவருக்கு அந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

அமலாக்கத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1997-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில், குற்றப் பின்னணி உள்ளவர் கையில் துப்பாக்கி பிடிபட்டால் வழக்கை மத்திய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் ஐந்து வருடம் உள்ளே தள்ளும் திட்டம் தொடங்கியது. நகரப் பேருந்தில்கூட அந்த எச்சரிக்கையை எழுதினார்கள். தேசிய ரைஃபிள் சங்கமும் கைத்துப்பாக்கிக் கட்டுப்பாட்டு இயக்கமும் ஒன்றாகக் கைதட்டிய அபூர்வத் திட்டம் அது. கொலைகள் குறைந்தன. ஆனால் பின்னால் ஸ்டீவன் ரஃபேல், யென்ஸ் லுட்விக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்து, திட்டம் இல்லாமலும் பெரும்பாலும் அந்தக் குறைவு வந்திருக்கும் என்றார்கள். உள்ளே போனது யார் என்ற கேள்வியும் நிற்கிறது. 2022 நியூயார்க் வழக்கில், பிராங்க்ஸ் பகுதியில் ஏழைகளுக்காக வாதாடும் இலவச வழக்கறிஞர்கள் துப்பாக்கி உரிமைக்காரர்கள் பக்கம் நின்று மனுத் தாக்கல் செய்தார்கள். கடுமையான உரிமச் சட்டம் நடைமுறையில் எங்கள் கறுப்பின, லத்தீன் இளைஞர்களைத்தான் சிறைக்கு அனுப்புகிறது என்பது அவர்கள் வாதம். சட்டத்தைக் கடுமையாக்கச் சொல்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அமல்படுத்தச் சொல்கிறவர்களுக்கும்தான்.

பெரியப்பா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஊர்ல என்ன நடந்துச்சு? பக்கத்துல ஏதோன்னு சொன்னியே."

இல்லினாய் மாநிலத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர் அரோரா. சிகாகோ தமிழர்களுக்கு அரோரா என்றால் பாலாஜி கோயில். அங்கே 2019 பிப்ரவரி 15-ஆம் தேதி, வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில், வேலையை விட்டு நீக்குவதற்காகக் கூப்பிடப்பட்ட ஒரு தொழிலாளி ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். வந்த போலீஸ்காரர்களில் ஐந்து பேருக்குக் குண்டடி.

இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்க மாநில போலீஸ் தரும் ஓர் அடையாள அட்டை வேண்டும். இந்த ஆளுக்கு 1995-ல் மிசிசிப்பி மாநிலத்தில் கொடுந்தாக்குதல் வழக்கில் தண்டனை. ஆனால் 2014 ஜனவரியில் பெயரை வைத்துப் பார்த்த சோதனையில் அது தட்டுப்படவில்லை, அட்டை கிடைத்தது. மார்ச்சில் கைத்துப்பாக்கி வாங்கினார். அதே மாதம், மறைத்து எடுத்துச் செல்லவும் அனுமதி கேட்டு மனுப் போட்டார். மனுவோடு கைரேகையும் கொடுத்தார். கைரேகை மிசிசிப்பியைக் காட்டிக் கொடுத்தது.

"சபாஷ். அப்புறம்?"

"அட்டையை ரத்து செஞ்சாங்க. துப்பாக்கியை நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள யார்கிட்டயாவது ஒப்படைச்சு, யார்கிட்ட கொடுத்தேன்னு படிவத்துல எழுதி அனுப்பச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினாங்க."

"பதில் வந்துச்சா?"

"வரலை."

"நினைவூட்டு?"

நான் பேசவில்லை. பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"எல்.டிஸ். போட்டுட்டாங்க." அலுவலகத்தில் கோப்பை முடித்துக் கட்டுகிற முத்திரை அது. வாரண்ட் வாங்கிப் போய்த் துப்பாக்கியை எடுக்க அப்போதைய சட்டத்திலேயே இடம் இருந்தது. போயே ஆக வேண்டும் என்று இல்லை, போக ஆளும் இல்லை. 2018-ல் மட்டும் இல்லினாயில் பத்தாயிரத்துக்கு மேல் அட்டை ரத்தானது. முக்கால்வாசிப் பேர் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பவே இல்லை. இவருடைய துப்பாக்கி ஐந்து வருடம் வீட்டிலேயே இருந்தது.

அப்போதுதான் பெரியப்பா தம் கதையைச் சொன்னார். ஆர்.ஐ.யாக இருந்தபோது, சத்தியமங்கலம் காட்டோரத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கியிருந்த ஒரு விவசாயி இறந்துபோனார். உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நோட்டீஸ் போயிற்று, பதில் இல்லை. விசாரித்து அறிக்கை அனுப்பு என்று கோப்பு இவரிடம் வந்தது. முதல் தடவை போனபோது வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை, மகன் வெளியூர் என்றார்கள். மூன்றாவது தடவை அந்த அம்மா, அவர் ஞாபகமா அது ஒண்ணுதாங்க இருக்குது என்று அழுததும் இவர் மோர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். நாலாவது தடவை ஏட்டையாவையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா குதிருக்குள் கையை விட்டு, பழைய சேலையில் சுற்றியதை எடுத்துக் கொடுத்தார். நெல் தூசி தட்டி வாங்கிக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

"நாலு தடவை போன்னு எந்த விதியிலயும் எழுதலை கண்ணு. ஆனா ஜீப்பு இருந்துச்சு. போகலைன்னா தாசில்தார் கேப்பாரு. எனக்கு மேல கேக்கறதுக்கு ஒரு ஆளு, எனக்குப் போறதுக்கு ஒரு வண்டி. அது ரெண்டும் இல்லாட்டி நானும் அறிக்கைய எழுதி அனுப்பிட்டு வீட்டுலதான் உக்காந்திருப்பேன்."

அரோராவுக்குப் பிறகு இல்லினாய் என்ன செய்தது என்று கேட்டார். 2021 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. அட்டை ரத்தானவர்களிடமிருந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கத் தனிப் பணிக்குழு, அதற்குத் தனி நிதி. கூடவே தனி ஆட்களுக்குள் நடக்கும் விற்பனைக்கும் 2024 முதல் பின்னணிச் சோதனை.

"இது புதுச் சட்டமா, பழைய சட்டத்தோட அமலாக்கமா?"

"ரெண்டும்தானுங்க."

"அதைத்தான் கேக்கறேன். வண்டியும் ஆளும் வேணும்னாலும் ஒரு சட்டம் போட்டாத்தான் வரும். பின்னே ரெண்டா எதுக்குப் பிரிச்சுச் சண்டை போடறாங்க?"

சண்டைக்கு அது சௌகரியம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அமல்படுத்து என்கிறவர், அமல்படுத்துகிறவருக்குப் பதிவேடும் ஆளும் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். புதுச் சட்டம் போடு என்கிறவர், கையெழுத்தான அன்றே மேடையிலிருந்து இறங்கிவிடலாம். அதற்கப்புறம் கதவைத் தட்டப் போகிறவர் இரண்டு பேருடைய பேச்சிலும் வருவதில்லை.

உள்ளேயிருந்து பெரியம்மா டம்ளர் கேட்டார்கள். பெரியப்பா எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசற்படியில் நின்றார்.

"அந்த அஞ்சு பேரு யாரு கண்ணு?"

அதே ஆலையில் வேலை செய்தவர்கள், என்றேன். அதில் ஒருவர் கல்லூரி மாணவர். வயது 21. பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். அன்றுதான் முதல் நாள்.

பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் டம்ளர்களை உள்ளே கொண்டுபோனார்.